நாமமும் ரூபமும் இரண்டு அமிலங்களும்

பன்னிரண்டு ஆண்டு குருகுலவாசம் முடித்து, ஓத வேண்டியதை எல்லாம் ஓதியாயிற்று என்னும் செருக்கோடு வீடு திரும்பிய சுவேதகேதுவை அருகில் இருத்தி, ஒரு மண்கட்டியை அறிந்தவன் மண்ணாலான பாண்டங்கள் அனைத்தையும் அறிந்தவனாவான் என்று தந்தை உத்தாலகர் தொடங்கும் உபதேசம் சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. குடம் என்றும் சட்டி என்றும் சொல்லப்படுகிற விகாரங்கள் வாக்கின் வழியாக எழுந்தவை, மண் ஒன்றே மெய் என்ற அந்தக் கருத்தை ஆசாரியர்கள் எத்தனையோ விதமாக விரித்துரைத்திருக்கிறார்கள். ஆனால் காலப்போக்கில் அது உபந்நியாச மேடைகளில் மலிந்துபோய், உலகில் காணும் பேதமெல்லாம் பெயரளவில்தான், பெயரை நீக்கினால் பேதமும் நீங்கிவிடும் என்ற சௌகரியமான முடிவாகச் சுருங்கிவிட்டது. பெயரை நீக்கினால் பேதம் நீங்குமா என்பதே இங்கே விசாரிக்க வேண்டிய விஷயம். மண்ணிலும் பொன்னிலும் வைத்து விசாரித்தால் பழைய தர்க்கங்களே திரும்பத் திரும்ப வந்து நிற்குமாதலால், பெயரிடுவதையே ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்த்து வைத்திருக்கும் கரிம ரசாயனத்தில், அதிலும் ஆல்கீன், ஆல்கைன் என்னும் இரண்டு குலங்களில் வைத்து இதைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உபநிஷத ரிஷிகள் ரசாயனம் அறிந்திருந்தார்கள் என்று நிலைநாட்டும் உத்தேசம் எனக்குச் சிறிதும் இல்லை. அப்படி நிலைநாட்ட முற்படுகிறவர்கள் பெரும்பாலும் உபநிஷத்தையும் படித்தவர்களல்லர், ரசாயனத்தையும் படித்தவர்களல்லர்.

கார்பன் அணு ஒவ்வொன்றும் நான்கு பிணைப்புகள் கொள்ளும் இயல்புடையது. அடுத்தடுத்த இரண்டு கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பால் சேர்ந்து, எஞ்சிய பிணைப்புகளையெல்லாம் ஹைட்ரஜனுக்குக் கொடுத்துவிட்டால் அது ஆல்கேன். இரட்டைப் பிணைப்பால் சேர்ந்தால் ஆல்கீன். முப்பிணைப்பால் சேர்ந்தால் ஆல்கைன். இரண்டே கார்பன் உள்ள மூன்று வாயுக்களை எடுத்துக்கொண்டால், எத்தேனில் ஆறு ஹைட்ரஜன், எத்திலீனில் நான்கு, அசிட்டிலீனில் இரண்டு. பிணைப்பு மிகமிகக் கார்பன்கள் நெருங்கி வருகின்றன: இடைவெளி 1.54 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.34 ஆகவும், பின் 1.20 ஆகவும் குறைகிறது. வடிவமும் மாறுகிறது. எத்தேனில் நான்முகியின் மூலைகளை நோக்கிப் பிரிந்து நின்ற கைகள் எத்திலீனில் ஒரே தளத்தில் ஏறக்குறைய 120 டிகிரிக் கோணத்தில் படுத்துவிடுகின்றன. அசிட்டிலீனில் நான்கு அணுக்களும் ஒரே நேர்கோட்டில் நின்றுவிடுகின்றன. ஆனால் இரண்டாவதாக வந்த பிணைப்பு முதற் பிணைப்பைப் போன்றதன்று. முதலாவது இரு அணுக்களையும் சேர்க்கும் கோட்டின் மேலேயே அமைய, இரண்டாவது அந்தத் தளத்துக்கு மேலும் கீழும் பரவி நிற்கிறது. அதனால் முதலாவதைவிட வலுவிற் குறைந்தது. புரோமின் நீரின் செம்பழுப்பு நிறம் எத்திலீனைச் செலுத்திய சற்று நேரத்திலேயே வெளுத்துப்போவதைக் கல்லூரிச் சோதனைச்சாலையில் பார்த்தவர்கள், அதிகமாகக் கட்டுண்ட இடமே மேலும் ஏற்கக் காத்திருக்கும் இடம் என்பதை அறிவார்கள். ‘நிறைவுறாச் சேர்மம்’ என்ற பாடப்புத்தகப் பெயர் அதைத்தான் சொல்கிறது.

இந்தக் குலங்களுக்குப் பெயர் வைத்த கதை சுவையானது. 1866-ல் ஹோஃப்மன் என்னும் ஜெர்மானிய ரசாயனர், ஈரீர் ஹைட்ரஜனாகக் குறைந்துகொண்டு போகும் சேர்மங்களுக்கு, ஐரோப்பிய மொழிகளின் ஐந்து உயிரெழுத்துகளையும் வரிசையாக விகுதியில் வைத்துப் பெயரிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். அடிச்சொல் நிலைத்து நிற்க, விகுதியின் உயிர் ஒன்று மட்டும் மாறுவதால் ஹைட்ரஜனின் கணக்கு தெரிந்துவிடும் என்பது அவர் கருத்து. அந்த வரிசையில் முன்னே நின்றவை ஆல்கேன், ஆல்கீன், ஆல்கைன் என்ற பெயர்களின் இறுதியில் இன்றும் வாழ்கின்றன. பின்னே நின்றவை வழக்கொழிந்தன. 1892-ல் ஃப்ரீடல் என்ற பிரெஞ்சு ரசாயனரின் தலைமையில் ஜெனீவா நகரில் கூடிய மாநாடு இவ்வழக்கைச் சட்டமாக்கிற்று. நீண்ட கார்பன் சங்கிலியைத் தேர்ந்தெடு, இரட்டைப் பிணைப்புக்கோ முப்பிணைப்புக்கோ சிறிய எண் கிடைக்கும்படி எந்த முனையிலிருந்து எண்ண வேண்டுமோ அந்த முனையிலிருந்து எண்ணு, அந்த எண்ணைப் பெயரில் வை என்ற விதியை இன்று பதினோராம் வகுப்பு மாணவனும் ஒப்பிக்கிறான். நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணப்பெயர் என்றும் பிரித்ததை நினைவுகூர்ந்தால், ஜெனீவாவில் கூடியவர்கள் செய்ய முயன்றது என்ன என்பது நமக்கு எளிதில் விளங்கும். உலகிலுள்ள கரிமப் பொருளுக்கெல்லாம் இடுகுறியே இல்லாமல், பெயரைக் கேட்டவன் வடிவத்தை வரைந்துகாட்டும்படி, முழுவதும் காரணப்பெயரே வைத்துவிட வேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை.

ஆசை முழுவதும் பலிக்கவில்லை. அசிட்டிலீன் என்று 1860-ல் பெர்த்தெலோ வைத்த பெயர் ஒலியால் ஆல்கீன் குலத்தைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும், பொருளோ முப்பிணைப்புடையது. விதிப்படி அது எத்தைன். ஆனால் தெருமுனைப் பட்டறையில் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரும்பை ஒட்டவைக்கிறவர் அதை எத்தைன் என்று ஒருநாளும் சொல்லப்போவதில்லை. சொல்லாததனால் அந்தச் சுவாலையின் உக்கிரம் குறையப்போவதுமில்லை. இதைவிட விசித்திரம் அண்மையில் நடந்தது. ஏழு கார்பன் சங்கிலி ஒன்றின் நட்ட நடுவிலுள்ள நான்காம் கார்பனிலிருந்து, பக்கவாட்டில் ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்பால் தொங்கும் ஒரு சேர்மம் உண்டு. இரட்டைப் பிணைப்பு அடங்கிய சங்கிலியையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்ற பழைய விதிப்படி அதற்கு 2-புரோப்பைல்பென்ட்-1-ஈன் என்று பெயர். 2013-ல் வெளியான சர்வதேச விதிகள் சங்கிலியின் நீளத்துக்கே முதலிடம் தந்துவிட்டபடியால் அதே பொருள் இப்போது 4-மெத்திலிடீன்ஹெப்டேன். ஆல்கீனாகப் பிறந்தது, ஒரு குழுவின் தீர்மானத்தால், பெயரில் ஆல்கேனாகிவிட்டது! புட்டியில் இருந்த திரவத்துக்கோ இந்தச் சமாசாரம் எட்டவேயில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் இயற்கையானது, யாராலும் உண்டாக்கப்படாதது என்று ஜைமினியைப் பின்பற்றி வாதிக்கும் மீமாம்சகர் இந்த இடத்தில் தலைகுனிய வேண்டியதுதான். அது சங்கேதத்தால் வந்தது என்ற நையாயிகர் கட்சியே இங்கே ஜயிக்கிறது. பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை என்று கண்டவுடன், பேதம் பெயரளவே என்று சொன்னோமல்லவா என்று மேடை வேதாந்தியும் மகிழ்ந்துபோவார். அவர் அவசரப்பட வேண்டாம். பெயரில் உள்ள பேதம் பெயரளவே என்பதுதான் இதுவரை நிரூபணமாயிற்று. பொருளிலுள்ள பேதத்தை நாம் இன்னும் தொடவே இல்லை.

அதற்கு மெலீயிக் அமிலம், ஃபியூமரிக் அமிலம் என்ற இரண்டு வெள்ளைத் தூள்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். இரண்டிலும் நான்கு கார்பன், நான்கு ஹைட்ரஜன், நான்கு ஆக்ஸிஜன். எண்ணிக்கை மட்டுமன்று, எந்த அணு எந்த அணுவோடு பிணைந்திருக்கிறது என்ற வரிசையும் ஒன்றே: நடுவில் இரட்டைப் பிணைப்பால் கட்டுண்ட இரண்டு கார்பன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜனும் ஓர் அமிலத் தொகுதியும். ஆயினும் மெலீயிக் அமிலம் 140 டிகிரிக்குள் உருகிவிடும். ஃபியூமரிக் அமிலம் உருகுவதற்கு, மூடிய குழாயில், 287 டிகிரி வேண்டும். முன்னது நீரில் தாராளமாகக் கரையும். பின்னது நூறு மில்லி நீரில் ஒரு கிராம்கூடக் கரையாது. முன்னதைச் சூடாக்கினால் தன்னிடமிருந்தே ஒரு மூலக்கூறு நீரை எளிதில் இழந்து வளையமாக மூடிக்கொள்ளும்; பின்னது அவ்வளவு சுலபமாக அதற்கு இசையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரசாயனர்களை இது வெகுகாலம் அலைக்கழித்தது. 1874-ல் உட்ரெக்ட் நகரில், இருபத்திரண்டு வயது வான்ட் ஹாஃப், அணுக்களைக் காகிதத்தில் தட்டையாக எழுதுவதை விட்டுவிட்டு ஆகாயத்தில், மூன்று பரிமாணங்களில் நிறுத்திப் பார்க்கும்படி ஒரு சிறு பிரசுரத்தில் சொன்னார். இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இரு அமிலத் தொகுதிகளும் இருந்தால் ஒரு பொருள், எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் மற்றொரு பொருள் என்பதே அவர் கண்ட விடை. ஒரே பக்கத்தில் அண்டையில் இருப்பவையே நீரை உதறிவிட்டு வளையமாகச் சேர முடியும் என்பதும் அதிலிருந்து தானே விளங்கிற்று. மூன்றாண்டு கழித்துக் கோல்பெ என்ற முதிய ரசாயனர், கால்நடை வைத்தியப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இப்படிக் கற்பனைக் குதிரை ஏறித் திரிவதே பிடித்திருக்கிறது என்ற தோரணையில் ஏளனம் செய்து எழுதினார். 1901-ல் ரசாயனத்துக்கான முதல் நோபெல் பரிசு அந்தக் குதிரைக்காரருக்கே கிடைத்தது.

மெலீயிக் அமிலத்தைச் சிறிது வெந்நீரில் கரைத்து, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்க வைக்கும் பரிசோதனையை மாணவர்கள் செய்வதுண்டு. முதலில் குடுவையில் தெளிந்த திரவம்தான். சிறிது நேரத்தில், கொதிக்கும்போதே, அந்தத் தெளிவினுள் வெண்மையான நுண்பளிங்குகள் தோன்றி அடியில் படியத் தொடங்கும். வடிகட்டி உலர்த்தினால் அது ஃபியூமரிக் அமிலம். ஓர் அணுவும் கூடவில்லை, ஓர் அணுவும் குறையவில்லை. ஒரு பாதி மற்றொரு பாதியைச் சார்ந்து அரைவட்டம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படித் திரும்பியதனாலேயே இதுவரை நீரில் கரைந்திருந்த பொருள் கரையாத பொருளாய் விட்டது.

இந்தத் ‘திரும்புதல்’ எந்தப் பதார்த்தம்? மிலிந்தன் என்ற யவன அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமே ரதமல்லவாயின் ரதம் என்பது அவயவங்களைப் பற்றி வழங்கும் ஒரு பெயரே என்று முடித்த கதை பிரசித்தம். அந்தக் கேள்வியையே இங்கே கேட்டுப் பார்க்கலாம். மெலீயிக் தன்மை கார்பனில் இருக்கிறதா? ஃபியூமரிக்கிலும் அதே கார்பன். ஹைட்ரஜனில்? அதே ஹைட்ரஜன். அமிலத் தொகுதியிலா, இரட்டைப் பிணைப்பிலா? இரண்டும் இரண்டிலும் உள்ளன. அவயவங்களில் தேடினால் அது எங்குமே அகப்படவில்லை என்பதில் நாகசேனர் சொன்னது சரி. ஆனால் அகப்படாததனால் அது வெறும் பெயர் என்ற அடுத்த அடிதான் இங்கே வழுக்குகிறது. நம் உடலிலுள்ள எண்ணற்ற உயிரணுக்கள், 1937-ல் கிரெப்ஸ் கண்டறிந்த சுழற்சியில், சக்சினிக் அமிலத்திலிருந்து இரண்டு ஹைட்ரஜனை நீக்கி ஃபியூமரிக் அமிலத்தை இடைவிடாது உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதி மெலீயிக் அமிலத்தை ஒருபோதும் உண்டாக்குவதில்லை. அடுத்துள்ள நொதியோ மெலீயிக் அமிலத்தைத் தன் பொருளாக ஏற்பதில்லை. அதுமட்டுமன்றி, சோதனைப் பிராணிகளுக்குச் செலுத்தினால் மெலீயிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அந்த நொதிக்குத் தமிழும் தெரியாது, லத்தீனும் தெரியாது, ஜெனீவாத் தீர்மானமும் தெரியாது. வாக்கே இல்லாத இடத்தில் பேதம் பாராட்டப்படுகிறது. ஆகவே, பேதம் வாக்கினால் வந்தது என்று பொதுப்பட விதித்துவிட முடியாது. புறப்பொருள் இல்லை, எண்ணமே உண்டு என்ற விஞ்ஞானவாத பௌத்தரைப் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் மறுக்கும்போது, விழிப்பிற் காணும் பொருளைக் கனவுப் பொருளோடு ஒன்றாக்கக் கூடாது என்று சங்கரரே கண்டிப்பாக வாதிடுகிறார் என்பதை அவர் பெயரால் பேசுகிறவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அவயவத்தில் இல்லாமல் அமைப்பில் இருக்கும் இந்தப் பேதத்தை நிலைநிறுத்துவது எது என்று கேட்டால், கட்டு என்பதே விடை. ஒற்றை ஆணியில் அடித்த பலகை எப்படி வேண்டுமானாலும் சுழலும், இன்னோர் ஆணி அடித்தால் நின்றுவிடும். எத்தேனில் இரு பாதிகளும் ஒன்றைச் சார்ந்து மற்றொன்று சுழல, மோலுக்கு மூன்று கிலோகலோரி அளவுள்ள சிறு மேடு ஒன்றைக் கடந்தால் போதும். சாதாரண வெப்பத்திலேயே அது நொடிக்கு ஆயிரம் கோடி முறைக்கு மேல் சுழல்கிறது. எத்திலீனிலோ தளத்துக்கு மேலும் கீழும் பரவிய அந்த இரண்டாம் பிணைப்பை முறித்தாலன்றிச் சுழற்சி இல்லை. அதற்கு அறுபது கிலோகலோரிக்கு மேல் வேண்டும். அதனாலேயே, பிணைப்பைச் சுற்றி நேரும் எத்தேனின் கணக்கற்ற சாயல்களில் எதையும் தனிப் பொருளாகப் புட்டியில் அடைக்க முடிவதில்லை. இரட்டைப் பிணைப்பின் இரு பக்கங்களுக்கோ சிஸ், டிரான்ஸ் என்றும், நான்கு தொகுதிகளும் வெவ்வேறானபோது ஈ, இஸட் என்றும் பெயர் வைத்தே ஆக வேண்டியிருக்கிறது. பெயர் ரூபத்தை உண்டாக்கவில்லை. ரூபம் கலையாமல் நின்றுகொண்ட இடத்தில் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கட்டு மிகுந்தால் பேதமும் மிகும் என்று இதிலிருந்து ஒருவர் முடிவுகட்டினால், ஆல்கைன் அதை மறுத்துவிடும். மூன்று பிணைப்பால் இறுகியிருந்தும் அங்கே சிஸ் இல்லை, டிரான்ஸ் இல்லை. நேர்கோட்டுக்குப் பக்கம் ஏது? ஆல்கீனிலும் ஒரு முனைக் கார்பனில் ஒரேவிதமான இரண்டு அணுக்கள் இருந்துவிட்டால், புரோப்பீனில் இருப்பதுபோல, பக்கபேதம் எழுவதில்லை. கட்டும் வேண்டும், வேறுபடுவதற்கு இடமும் வேண்டும்.

உத்தாலகரின் மண்கட்டி வாக்கியத்துக்கு இராமானுஜர் கண்ட பொருள் இங்கேதான் எனக்கு உவப்பாகிறது. ஸ்ரீபாஷ்யத்தின் ஆரம்பணாதிகரணத்தில் அவர், மண் என்னும் திரவியமே நீர் கொண்டுவருதல் முதலிய விவகாரம் கைகூடும் பொருட்டு ஒரு விசேஷ அமைப்பையும் அதற்கேற்ற பெயரையும் அடைகிறது என்று உரைக்கிறார். குடம் மண்ணைவிட வேறான திரவியமன்று. ஆகையால் மண்ணை அறிந்தால் குடத்தை அறிந்ததாகும் என்பது பொருந்தும். ஆனால் குடத்தன்மை பொய்யுமன்று. அது மண்ணின் மெய்யான ஓர் அவஸ்தை. குடம் புதிதாகப் பிறந்த வேறொரு பொருள் என்ற வைசேஷிகர் ஒரு பக்கமும், குடம் என்பது சொல் மாத்திரமே என்பவர் மறு பக்கமும் இழுக்க, இராமானுஜர் இரண்டுக்கும் இசையவில்லை. மெலீயிக், ஃபியூமரிக் இரண்டுக்கும் அவஸ்தை என்ற சொல்லைவிடப் பொருத்தமாக ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை. திரவியம் ஒன்று, அவஸ்தை இரண்டு, இரண்டும் மெய்; கொதிக்கும் அமிலத்தில் அந்தப் பிணைப்பு ஒருகணம் தளர்ந்து, சுழன்று, மறுபடி இறுகும்போது ஓர் அவஸ்தை போய் மற்றோர் அவஸ்தை வருகிறது. மாயையே உள்பொருள் என்று கொள்ளும் சைவ சித்தாந்திக்கும் இதில் ஆட்சேபம் இராது என்று நம்புகிறேன். ஆனால் அவர் வேறு காரணம் சொல்லுவார்.

‘காணப்படுவதெல்லாம் நாமரூபம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, காண்பது என்ற செயலே இத்தகைய ஓர் அவஸ்தை மாற்றத்தால் நிகழ்கிறது. கண்ணின் விழித்திரையில் ரோடாப்ஸின் என்ற புரதத்தினுள் ரெட்டினால் என்றொரு சிறு மூலக்கூறு மடங்கி உட்கார்ந்திருக்கிறது. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டீனிலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் வைட்டமின் ஏ-யின் மறுவடிவம் அது. அதன் சங்கிலியில் வரிசையாக உள்ள இரட்டைப் பிணைப்புகளில் பதினோராவது கார்பனில் உள்ளது மட்டும் சிஸ். ஒளியின் ஒரு துகள் வந்து தாக்கியதும் அந்தப் பிணைப்பு தளர்ந்து, ஒரு நொடியைக் கோடி கோடியாய்ப் பிளந்தால் கிடைக்கும் சில துண்டு நேரத்துக்குள் டிரான்ஸாகத் திரும்பி, சங்கிலி நிமிர்ந்துவிடுகிறது. அந்த நிமிர்வே நரம்பின் வழியே மூளைக்குச் சேதியாகிறது. இருளில் ஒரு ரெட்டினால் ஒளியின் உதவியின்றித் தானாகத் திரும்புவதாயின் சராசரியாகப் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டுமாம். அப்படி அது கட்டுண்டு கிடப்பதனால்தான் இருள் நமக்கு இருளாகவே தோன்றுகிறது. இந்தப் பார்வையின் ரசாயனத்தை வெளிப்படுத்திய ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல், வேறு இருவருடன் சேர்த்து, நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. ரூபம் பொய் என்று சொல்லுபவர் அதைச் சொல்லுமுன் ஏட்டைப் பார்த்துப் படித்த ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணற்ற ரெட்டினால்கள் தம் ரூபத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

அத்வைதிக்கு இவ்வளவிலும் வாயடைத்துப் போய்விடாது. உண்மையில் அவருக்குச் சொல்ல ஒரு நல்ல விஷயம் ரசாயனத்திலேயே இருக்கிறது. குளோரோசைக்ளோஹெக்சேன் என்ற ஆறு கார்பன் வளையச் சேர்மத்தில் குளோரின் அணு வளையத்தின் விளிம்போரமாகவும் நிற்கலாம், செங்குத்தாகவும் நிற்கலாம். இங்கே இரட்டைப் பிணைப்பு இல்லை. அறை வெப்பத்தில் அவ்விரு நிலைகளும் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருப்பதால் அவற்றை யாரும் இரண்டு பொருள்கள் என்று எண்ணுவதில்லை. ஆனால் அதைச் சுழியத்துக்குக் கீழே 150 டிகிரிக்குக் குளிர்வித்து, ஒரு நிலையை மட்டும் பளிங்காகப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். குளிரில் இரண்டாக இருப்பது வெப்பத்தில் ஒன்று. அவ்வாறே ஃபியூமரிக் அமிலத்தையும் மிகமிகச் சூடாக்கினால் மெலீயிக் அமிலம் தரும் அதே வளையத்தைத்தான் அதுவும் தருகிறது. அப்படியானால் பொருள் ஒன்றா இரண்டா என்பது வெப்பமானியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விடையாகிவிட்டதே, அதை எப்படி முழு மெய் என்பது, எது எந்த வெப்பத்திலும் எந்தக் காலத்திலும் பாதிக்கப்படாததோ அதற்கல்லவா அந்தப் பெயர் தகும் என்று அவர் கேட்பார். கேள்வி வலுவானது, வியாவஹாரிகம், பாரமார்த்திகம் என்று அவர் வகுத்த இரண்டு படிகளும் சும்மா வகுத்தவையல்ல. நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான். கயிற்றில் தோன்றிய பாம்பு கயிறு என்று அறிந்தவுடன் மறைகிறது. மெலீயிக் அமிலம், அது ஃபியூமரிக்கின் அணுக்களே என்று எவ்வளவு தெளிவாக அறிந்தபின்னும் மறைவதில்லை. அதை மாற்ற அடுப்பு வேண்டும், அமிலம் வேண்டும், அல்லது ஒளி வேண்டும். ஞானத்தால் நீங்கும் பேதமும் நெருப்பால் நீங்கும் பேதமும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்று அவர் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு சொல்லுகிறார்?